அண்ணனுக்கு மூளையில் கட்டி என்கிறார்கள், இது எத்தனாவது ஸ்டேஜ்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 38 வயது அண்ணன், அதுவரை ஒரு நோய்நொடி இல்லாதவர், வேலையில் இருக்கும்போது திடீரென்று வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடது முன்மூளையில் சுமார் 4 செ.மீ. அளவில் ஒரு கட்டி, 'க்ளியோமாவாக இருக்கலாம்' (மூளை நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்களில் பிறக்கும் கட்டி) என்று ரிப்போர்ட். டாக்டர் ஆபரேஷன் என்கிறார், அதுவும் ஆளை விழிக்க வைத்துக்கொண்டு. வீட்டில் எல்லோரும் கேட்பது மூன்று விஷயம்: இது எத்தனாவது ஸ்டேஜ், கத்தி வைத்தால் பரவிவிடாதா, தலையைத் திறக்காமல் ரேடியேஷனிலேயே கரைக்க முடியாதா.

நான் ரேடியேஷன் துறையில் பல வருடமாக இருப்பவன். உங்கள் அண்ணனின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இதுதான் செய்ய வேண்டும் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த மூன்று கேள்வியையும் வாரத்துக்கு நாலு குடும்பமாவது கேட்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஸ்டேஜ். நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களில் வரும் புற்றுநோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்குத்தான் ஸ்டேஜ் போடுகிறார்கள். மூளையிலேயே பிறக்கும் கட்டிகள் மூளையையும் தண்டுவடத்தையும் தாண்டி வெளியே போவது மிக மிக அரிது, அதனால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. இங்கே இருப்பது கிரேடு, 1 முதல் 4 வரை, கட்டி எவ்வளவு வேகமாக வளரும் குணம் உள்ளது என்பதைச் சொல்வது. எவ்வளவு பெரிய கட்டி என்பதற்கும் கிரேடுக்கும் சம்பந்தமே இல்லை. எலுமிச்சை அளவுள்ள கிரேடு 1 கட்டியை எடுத்துவிட்டு இருபது வருடம் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும் கிரேடு 4 கட்டியும் உண்டு. 'மூளையில் கட்டி' என்ற இரண்டு வார்த்தைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாது, சிலருக்கு வருடம் ஒரு ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சில கட்டிகள், குறிப்பாக ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பவை, மாத்திரையிலேயே சுருங்கிவிடும். காது நரம்பில் வரும் ஷ்வானோமா ஒரு பக்கக் காதை மெல்ல மெல்ல மந்தமாக்கும், உயிருக்கு அவசரமாக எதுவும் செய்யாது. பெரியவர்களுக்கு மூளையில் வரும் கட்டிகளில் வேறு இடத்துப் புற்றுநோய் பரவி வந்தவைதான் அதிகம், அதனால்தான் தலையில் கட்டி தெரிந்ததும் நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஆக, இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது அதன் பெயர். அது சதைத்துணுக்கு கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எம்.ஆர்.ஐ.யில் தெரியாதா என்று கேட்பீர்கள். நிறையத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும்போது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு உடைந்த இடங்களில் மருந்து கசிந்து வெள்ளையாகத் தெரியும். வேகமாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் இப்படி வெளுக்கும், மெதுவானவை பல வெளுக்காது. ஆனால் மோதிரம் போல ஓரம் மட்டும் வெளுத்துத் தெரிவது கட்டியாகவும் இருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம், காசநோய்க் கட்டியாகவோ நாடாப்புழு முட்டையால் வந்த நீர்க்கட்டியாகவோகூட இருக்கலாம். சீழ் என்றால் டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில் நடுப்பகுதி பளிச்சென்று தெரியும். ரத்த ஓட்டத்தை அளப்பது, உள்ளிருக்கும் ரசாயனங்களை அளப்பது என்று வேறு வகைகளும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அனுபவமுள்ளவர் நல்ல ஊகத்துக்கு வருவார். அதனால்தான் ரிப்போர்ட்டில் 'இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

வலிப்பில் தொடங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு முதல்முறையாக வலிப்பு வந்தால் மூளையை ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும், அதை உங்கள் ஊர் டாக்டர் சரியாகச் செய்திருக்கிறார். மெதுவாக வளரும் க்ளியோமாக்கள் பெரும்பாலும் இப்படி வலிப்பில்தான் வெளிப்படும். வேகமானவை பல, தலைவலி, காலையில் எழுந்ததும் வாந்தி, ஒரு கை வலுவிழப்பது, சுபாவம் மாறுவது என்று சில வாரங்களிலேயே கதையைச் சொல்லிவிடும். இதைப் படித்துவிட்டுத் தனக்கும் தலைவலி இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்காக: வேறு எந்தக் கோளாறும் இல்லாமல் தலைவலி மட்டும் இருப்பவர்களில் கட்டி இருப்பது மிகக் குறைவு.

இரண்டாவது கேள்வி, கத்தி வைத்தால் பரவுமா. பரவாது. இந்தப் பயத்தாலேயே ஆறு மாதம் தள்ளிப்போட்டு, அப்புறம் ஸ்ட்ரெச்சரில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். க்ளியோமா என்பது ஏற்கெனவே மூளைக்குள் வேர் விட்ட மாதிரி ஊடுருவித்தான் இருக்கும், கத்தி பட்டதால் புதிதாக எங்கும் போகாது. சோதனைக்குத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸியிலோ ஆபரேஷனிலோ உண்மையான ஆபத்து வேறு: ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, பேச்சோ கை காலோ பாதிக்கப்படுவது. அவற்றைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், இந்த இடத்துக் கட்டிக்கு உங்கள் அனுபவத்தில் எத்தனை பேருக்கு நிரந்தரப் பாதிப்பு வந்தது என்றே நேராகக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே ஸ்டீராய்டு பற்றியும் சொல்ல வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் கட்டியைச் சுற்றியிருக்கும் வீக்கம் ஒன்றிரண்டு நாளில் வடிந்து, தூக்க முடியாத கையைத் தூக்குவார், பேச்சு தெளியும். குடும்பமே 'குணமாகிவிட்டது' என்று சந்தோஷப்படும். கட்டி அப்படியேதான் இருக்கும், வடிந்தது வீக்கம் மட்டும். ஆனால் ஒரே ஒரு கட்டி ஸ்டீராய்டில் நிஜமாகவே கரையும், அது மூளை லிம்போமா, ஒரு வகை வெள்ளையணுக்களில் வரும் புற்றுநோய். கேட்க நன்றாக இருக்கிறது, நிஜத்தில் பெரிய சிக்கல், ஏனென்றால் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்த பிறகு பயாப்ஸி எடுத்தால் செல்கள் செத்துப்போய் எதுவும் தெரியாமல் ரிப்போர்ட் வரும், கரைந்த கட்டியோ சில மாதத்தில் திரும்பி வந்து நிற்கும். லிம்போமாவுக்குச் சிகிச்சை அதிக டோஸ் மெத்தோட்ரெக்ஸேட் கீமோ, கட்டியை வெட்டி எடுப்பது இல்லை. அதனால் லிம்போமா சந்தேகம் இருந்து, ஆளும் தாக்குப்பிடிக்கிற நிலையில் இருந்தால், பயாப்ஸி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைப்பார்கள். மற்றபடி ஸ்டீராய்டு தேவைப்பட்டால் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையைக் காலையிலும் மதியத்துக்குள்ளும் முடித்துவிட்டால் ராத்திரி தூக்கம் கெடாது, நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

விழித்திருக்கும்போதே ஆபரேஷன் என்பதுதான் உங்களை மிகவும் கலங்கடித்திருக்கும். மூளைக்கு வலி தெரியாது. வலிப்பது தோலும், எலும்பின் மேலுறையும், மூளையின் உறையும்தான், அவற்றை மரத்துப்போகச் செய்துவிடுவார்கள். பெரும்பாலும் மண்டையைத் திறக்கும்வரை தூங்க வைத்திருந்து, கட்டி தெரிந்த பிறகு எழுப்புவார்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்து படங்களாகக் காட்டுவார்: குடை, பூனை, சாவி, ஏணி. இவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் சர்ஜன் ஒரு சின்ன மின்கம்பியால் மூளையின் மேல்பரப்பில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வருவார். ஓரிடத்தில் தொட்டதும் சாவிப் படம் கண் முன்னால் இருக்கும், அது என்னவென்று மனசுக்குத் தெரியும், வாய் மட்டும் வராது. கம்பியை எடுத்ததும் 'சாவி' என்று வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு எண் எழுதிய குட்டிக் காகிதத்தை வைத்துவிட்டு, அதைத் தொடாமல் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். இடது முன்மூளையில், பேச்சு இருக்கும் பக்கத்தில், இந்தக் கட்டிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பது என் அபிப்பிராயம். உங்கள் டாக்டர் இதைச் சொன்னதே அவருக்குத் தொழில் தெரியும் என்பதற்கு அடையாளம். கொள்கை ஒன்றுதான், ஆளுக்குச் சேதம் வராமல் எவ்வளவு அதிகம் எடுக்க முடியுமோ அவ்வளவு. வேகமான கட்டி என்று சந்தேகம் இருந்தால் ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்கள், நீல வெளிச்சத்தில் கட்டி இளஞ்சிவப்பாக மின்னும், அடுத்த ஒரு நாள் வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கட்டி முன்மூளையின் நடுக்கோட்டை ஒட்டி இருந்தால், ஆபரேஷன் முடிந்த மறுநாள் பேச்சே வராமல், வலது கை காலை அசைக்காமல் படுத்திருக்கலாம். பார்த்தால் பக்கவாதம் மாதிரியே இருக்கும். இந்தப் பகுதியை எடுக்கும்போது இது எதிர்பார்க்கக்கூடியது, பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். சொல்லிவைக்காததால் சர்ஜனின் சட்டையைப் பிடிக்கப்போன அண்ணன் தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, துணுக்கு எடுத்தாகிவிட்டது. இரண்டு மூன்று நாளில் முதல் ரிப்போர்ட் வரும், மரபணுச் சோதனைகள் வர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். இந்தக் காத்திருப்பில்தான் குடும்பங்கள் பொறுமையிழந்து வேறு வேறு இடங்களுக்கு அலைகின்றன. அலையாதீர்கள், இரண்டாவது ரிப்போர்ட்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, பெரியவர்களின் ஊடுருவும் க்ளியோமா மூன்று குடும்பமாகப் பிரிகிறது. ஐ.டி.எச். மரபணு மாறியிருந்து, 1பி, 19க்யூ என்ற இரண்டு குரோமோசோம் துண்டுகளும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் ஆலிகோடென்ட்ரோக்ளியோமா. ஐ.டி.எச். மாறியிருந்து அந்தத் துண்டுகள் அப்படியே இருந்தால் ஆஸ்ட்ரோசைட்டோமா. ஐ.டி.எச். மாறாமல் இருந்து, அதனுடன் வேறு சில அடையாளங்களும் இருந்தால் க்ளியோபிளாஸ்டோமா. மைக்ரோஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்த கட்டிகூட மரபணுவைப் பார்த்தால் க்ளியோபிளாஸ்டோமாவாக இருப்பதுண்டு. முதல் இரண்டு குடும்பத்துக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் வருடக்கணக்கில் இருக்கும்.

எண்களைச் சொல்கிறேன், ஆனால் இவை நூற்றுக்கணக்கானவர்களின் நடுக்கோடு, ஒரு ஆளின் ஜாதகம் ஆகாது. க்ளியோபிளாஸ்டோமாவுக்கு 2005-இல் வெளிவந்த 573 பேர் கலந்துகொண்ட ஆய்வுதான் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10 பேர், ரேடியேஷனோடு டெமோசோலோமைடு என்ற கீமோ கேப்சூலும் எடுத்தவர்களில் 26 பேர். கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு மெத்திலேஷன் என்ற ரசாயன மாற்றத்தால் அடங்கிப்போயிருந்தால் அந்த மருந்து நன்றாக வேலை செய்யும், அப்படிப்பட்டவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் கிட்டத்தட்ட பாதிப் பேர். கிரேடு 2 க்ளியோமாவில் கதை வேறு. ரேடியேஷனோடு கீமோவும் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில் சராசரி ஆயுள் 7.8 வருடத்திலிருந்து 13.3 வருடமாகக் கூடியது. ஐ.டி.எச். மாறிய கிரேடு 2 கட்டிகளுக்கு வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டி மறுபடி வளரத் தொடங்க ஆகும் காலத்தை அது 11 மாதத்திலிருந்து 27 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டது, அதாவது ரேடியேஷனை அவ்வளவு நாள் ஒத்திப்போட வாய்ப்பு. இன்னும் எல்லா இடத்திலும் கிடைக்காது, விலையும் பயங்கரம்.

மூன்றாவது கேள்வி என் துறை. ரேடியேஷனிலேயே கரைத்துவிட முடியுமா? சில கட்டிகளுக்கு முடியும், கரைக்கிறது என்பதைவிட வளராமல் நிறுத்துகிறது என்று சொல்வதுதான் சரி. சின்ன ஷ்வானோமா, சின்ன மெனிஞ்சியோமா, பரவி வந்த ஒன்றிரண்டு சின்னக் கட்டிகள் இவற்றுக்கு ஒரே நாளிலோ சில நாட்களிலோ, நூற்றுக்கணக்கான மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் குவியும்படி கொடுப்போம். சுவீடனைச் சேர்ந்த சர்ஜன் லார்ஸ் லெக்செல் 1951-இல் முன்வைத்த யோசனை இது. காமா நைஃப் என்று பெயர் வைத்ததால் கத்தி என்று நினைக்கிறார்கள், கத்தி எங்கும் கிடையாது. ஆனால் விளிம்பு தெளிவாக இருக்கும் கட்டிக்குத்தான் இது சரிப்படும். க்ளியோமாவுக்கு விளிம்பே கிடையாது, ஸ்கேனில் தெரியும் எல்லையைத் தாண்டியும் செல்கள் போயிருக்கும். அதோடு துணுக்கு இல்லாமல் பெயர் தெரியாது, பெயர் தெரியாமல் 4 செ.மீ. கட்டிக்குக் கதிர் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ரேடியேஷன் தேவைப்பட்டால் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் முகமூடி செய்வோம். தட்டையான ஒரு பிளாஸ்டிக் வலை, வெந்நீரில் போட்டதும் துணி மாதிரி தொய்ந்துவிடும். அதை எடுத்து முகத்தின் மேல் இழுத்துப் பொருத்துவோம், வெதுவெதுப்பாக ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும், சில நிமிடத்தில் மூக்கு, கன்னம், தாடை எல்லாவற்றின் வடிவத்திலும் இறுகிவிடும். துளைகள் வழியாக மூச்சு விடலாம். அதன் பிறகு வாரத்துக்கு ஐந்து நாள், பொதுவாக ஐந்தரை ஆறு வாரம், ஒவ்வொரு நாளும் அந்த முகமூடியை மேஜையோடு பூட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் படுக்க வேண்டும். வலி கிடையாது. கதிர் போகும் வழியில் மட்டும் முடி கொட்டும். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாம், அவர் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வராது. மூடிய இடம் ஆகாது என்பவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் போதும், கண் பகுதியைத் திறந்து வைத்துச் செய்யும் வகையும் உண்டு. அசதி சிகிச்சை முடிந்த பிறகு இரண்டு மூன்று வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும், அதற்குள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட வேண்டாம். கீமோ கேப்சூலை வெறும் வயிற்றில், வாந்திக்கான மாத்திரை போட்டுக்கொண்டு விழுங்க வேண்டும், வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். அண்ணனுக்கு இன்னும் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கீமோவுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேளுங்கள், அவசரத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

முடிந்த பிறகு முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் சில சமயம் முன்னைவிட மோசமாகத் தெரியும், வெளுப்பு பெரிதாகியிருக்கும். உடனே சிகிச்சை தோற்றுவிட்டது என்று உட்கார்ந்து அழுகிறார்கள். கதிரும் மருந்தும் சேர்ந்து ஏற்படுத்தும் அழற்சியே கட்டி வளர்ந்த மாதிரி தோற்றம் காட்டும், பொய் வளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தால் மருந்தை மாற்றாமல் ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஆகவே எல்லா ஸ்கேனின் சி.டி.யையும் தேதி வாரியாக வைத்திருங்கள், பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது.

வீட்டில் இப்போதைக்கு: வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. லெவெடிராசிடம் என்றால் சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், சிலர் சோர்ந்துபோவார்கள். அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது, ஏணியில் ஏறக்கூடாது, குளிக்கும்போது கதவைத் தாழ்போட வேண்டாம். மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், ஆம்புலன்ஸ். தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தியும் தூக்கக் கலக்கமும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செல்போனால் வந்ததா என்று உங்கள் அம்மா கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. சின்ன வயதில் தலைக்குக் கதிர்சிகிச்சை பெற்றிருந்தாலோ, சில அரிய பரம்பரை நோய்கள் இருந்தாலோ வாய்ப்பு கூடும். மற்றவர்களுக்கு ஏன் வருகிறது என்று காரணம் காட்ட முடியாது, அவர் செய்த எதனாலும் வந்ததில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்தப் படம் காட்டுகிறவர் அண்ணனோடு உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார். அண்ணன் வீட்டில் பேசுவது எந்த மொழி, வேலையில் எந்த மொழி, மனக்கணக்குப் போடுவது எந்த மொழி என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டு மொழிக்கும் மூளையில் இடம் கொஞ்சம் வேறு வேறாக இருக்கக்கூடும், இரண்டிலும் சோதிப்பார்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதையும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொடுத்து அனுப்புங்கள். குடையா காளானா என்று கண் தெரியாமல் தடுமாறினால், அந்தப் பக்கம் சர்ஜன் பேச்சு போய்விட்டதோ என்று கையை நிறுத்திவிடுவார்.